கண்ணாடி இறால்: அந்தமான் ஓடைகளின் நன்னீர் இறாலை வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் முறை

இறால் என்றவுடன் கடலையும் உப்பங்கழியையும் மீன் சந்தையையும் நினைப்பதே வழக்கம். ஆயினும் உப்புச் சுவையே இல்லாத ஓடைகளிலும் குளங்களிலும் வாழும் இறால் இனங்கள் ஏராளமாக உள்ளன. அவற்றுள் சிறியனவான சிலவற்றின் உடல் கண்ணாடியைப் போல ஒளியைத் தன்னுள் கடந்து செல்ல விடும் தன்மை வாய்ந்தது. தண்ணீரில் அசையாது நிற்கும்போது இரண்டு கரிய கண்களும், உண்ட உணவு தங்கியுள்ள இரைப்பையின் நிழலும் மட்டுமே தென்படும். ஏனைய உறுப்புகள் இருந்தும் இல்லாதன போலத் தோன்றும். இக்காரணம் பற்றியே இவற்றைக் கண்ணாடி இறால் என்பர். மீன் தொட்டி வணிகர் இவற்றைக் ‘கோஸ்ட் ஷ்ரிம்ப்’ என்ற பெயரால் விற்கின்றனர்.

இப்பெயர் ஒரே இனத்தைக் குறிப்பதன்று. அமெரிக்காவில் முன்னர் பாலிமோனிட்டிஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த சிற்றிறாலும், தென்கிழக்கு ஆசியாவில் மாக்ரோபிராக்கியம் லான்செஸ்டரி என்பதும், வட இந்தியக் குளங்களிலும் ஆறுகளிலும் மாக்ரோபிராக்கியம் லமாரீ என்பதும் இத்தகையனவே. ஆகவே தொட்டியில் இறால் வளர்க்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கண்ணாடி போன்ற தோற்றம் ஓர் இனத்தின் அடையாளம் அன்று; அது பல இனங்களுக்குப் பொதுவான ஒரு தன்மை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இவ்வுண்மைக்குத் தனிச் சிறப்பு உண்டு. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

உடலமைப்பு

இறால் மீன் வகையைச் சேர்ந்ததன்று. நண்டுக்கு உறவான ஓட்டுடலி அது. அதன் தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்து ஒரே ஓட்டினால் மூடப்பட்டுள்ளன. அவ்வோட்டின் முன்முனை ரம்பம் போன்ற பற்களுடன் அலகாக நீண்டிருக்கும். மார்பின் கீழ் ஐந்து இணை நடைகால்களும், வயிற்றின் கீழ் ஐந்து இணை நீந்துகால்களும், கடைசியில் விசிறி போன்ற வாலும் உண்டு. அச்சம் நேர்ந்தால் வாலை மடக்கி அடித்து நொடியில் பின்னோக்கிப் பாயும்.

இதன் உடல் எவ்வாறு தெளிவாக உள்ளது? ஒரு பொருளின் மீது விழும் ஒளி உறிஞ்சப்படாமலும் சிதறாமலும் கடந்து செல்லுமானால் அப்பொருள் தெளிவாகத் தோன்றும். இவ்விறாலின் உடலில் நிறத்துகள்கள் மிகக் குறைவு. தசை நார்களும் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அமைந்திருத்தலால் ஒளி பெரிதும் சிதறுவதில்லை. இறால் இறந்தவுடன் தசையிலுள்ள புரதம் திரிந்து ஒழுங்கு குலைகிறது, ஒளி சிதறுகிறது, உடல் பால் போல வெளுத்துவிடுகிறது. உயிருள்ள இறாலின் தசை வெண்மையாக மாறத் தொடங்கினால் அது நோயின் அல்லது கடுந்துன்பத்தின் அறிகுறி என்று கொள்ள வேண்டும்.

நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு கலந்த செந்நிறப் பொருள். இறாலின் இரத்தத்தில் அப்பணியைச் செய்வது செம்பு கலந்த ஹீமோசயனின் என்னும் புரதம். பிராணவாயு ஏற்றபோது அது இளநீலமாகவும், இழந்தபோது நிறமற்றும் இருக்கும். எனவே இரத்தமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைவிளக்கும் ஒரு சாதாரண உருப்பெருக்குக் கண்ணாடியும் இருந்தால், மார்போட்டின் பின்பகுதியில் முதுகுப் புறமாக இதயம் விரைந்து துடிப்பதையும், உணவுக் குடல் முதுகு வழியே வால்வரை செல்வதையும் அறுவை எதுவுமின்றிக் காணலாம். பள்ளி மாணவருக்கு இதைவிட எளிய உடற்கூற்றுப் பாடம் கிடைப்பது அரிது.

தீவுகளின் ஓடைகளும் அவற்றின் இறால்களும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை இரு பருவ மழைகளும் பொழிகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சி. மழை மிகுதியாயினும் நிலம் குறுகியது. மலைகள் கடலை ஒட்டியே நிற்கின்றன. தீவுகளில் மிக உயர்ந்ததான சாடில் சிகரமே 732 மீட்டர்தான். ஆதலால் ஓடைகள் குறுகிய தொலைவு ஓடிக் கடலில் கலந்துவிடுகின்றன. வட அந்தமானின் கல்பாங் ஆறும், பெரிய நிக்கோபாரின் கலத்தியா ஆறும் குறிப்பிடத்தக்க பெரிய நீரோட்டங்கள்.

இவ்வோடைகளில் இருவகை இறால்களைக் காணலாம். முதலாவது மாக்ரோபிராக்கியம் பேரினம். இதன் இரண்டாம் இணைக் கால்கள் நீண்டு இடுக்கிகளில் முடியும். இரண்டாவது காரிடினா பேரினம். இதன் முதல் இரு இணைக் கால்களும் குட்டையானவை. அவற்றின் நுனியில் தூரிகை போன்ற மயிர்க்கொத்துகள் உண்டு. அவற்றால் கல்லிலும் இலையிலும் படிந்த பாசியைத் துடைத்து உண்ணும். 1952-ஆம் ஆண்டில் விலங்கியல் அறிஞர் கே. கே. திவாரி விவரித்த ஓர் இனம் மாக்ரோபிராக்கியம் அந்தமானிக்கம் எனத் தீவுகளின் பெயரையே தாங்கி நிற்கிறது. மாக்ரோபிராக்கியம் லார் என்னும் இனமோ கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியுள்ளது. அது இத்தீவுகளிலும் உண்டு.

நன்னீரில் வாழும் ஓர் உயிர் பெருங்கடலைக் கடந்து இத்தனை தீவுகளுக்கு எவ்வாறு சென்றது என்ற வினா இயல்பாக எழும். அதற்கு விடை அதன் முட்டையில் உள்ளது.

முட்டையைப் பார்த்து இனத்தின் இயல்பை அறிதல்

பெண் இறால் தன் முட்டைகளை வயிற்றின் கீழ் நீந்துகால்களில் ஒட்டவைத்துக் கொண்டு திரியும். இவ்வாறு முட்டை தாங்கியதைச் சினை இறால் என்பர். நீந்துகால்களை இடைவிடாது அசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் பாய்ச்சும். கெட்ட முட்டைகளை அகற்றும். வெப்ப மண்டலத்தில் இரண்டு, மூன்று வாரங்களில் முட்டை பொரிக்கும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது ஒவ்வொரு முட்டையினுள்ளும் இரண்டு கரும்புள்ளிகளாகக் குஞ்சின் கண்கள் தோன்றும்.

நன்னீர் இறால்களில் முட்டை இருவகைப்படும். சில இனங்களில் முட்டைகள் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்டுப் பெரியனவாக இருக்கும், எண்ணிக்கையோ குறைவு. மிகுந்த கருவுணவு உள்ளமையால் குஞ்சு முட்டைக்குள்ளேயே பெரிதும் வளர்ந்து வெளிவரும்; நன்னீரிலேயே வாழ்ந்துவிடும். வேறு சில இனங்களில் முட்டைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்மணிகள். எண்ணிக்கை பல நூறு அல்லது பல ஆயிரம். பொரித்து வெளிவருவது தாயின் சாயலே இல்லாத நுண்ணிய மிதவைக் குஞ்சு. அது ஓடையோட்டத்தில் கடலுக்கோ கழிமுகத்திற்கோ அடித்துச் செல்லப்பட வேண்டும். அங்கே உப்பு நீரில் பன்முறை தோலுரித்து, உருமாறி, சிறு இறாலான பின்னரே மீண்டும் ஓடையை நாடி மேலே ஏறும். நன்னீரிலேயே இருக்க நேர்ந்தால் அக்குஞ்சுகள் சில நாட்களில் மடிந்துவிடும்.

கடலைத் தாண்டித் தீவுகளில் குடியேறுவது இந்த இரண்டாம் வகைக்கே எளிது. அதன் குஞ்சுகள் கடலில் வாரக்கணக்கில் மிதந்து செல்ல வல்லவை. மாக்ரோபிராக்கியம் லார் இவ்வகையைச் சேர்ந்தது. ஆகவே தீவு ஓடையில் கையால் அள்ளும் ஒரு சிற்றிறால், பார்வைக்கு ஓடையின் உயிராக இருப்பினும், பெரும்பாலும் பாதிக் கடலின் உயிரே ஆகும்.

இவ்வுண்மை நெடுங்காலம் மனிதருக்கு விளங்காதிருந்தது. உணவுக்குப் பெயர்பெற்ற பெரிய நன்னீர் இறாலான மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியின் முட்டைகள் நன்னீரில் பொரித்தன. குஞ்சுகளோ தவறாமல் இறந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஷாவோ-வென் லிங் என்னும் அறிஞர் மலாயாவின் பினாங்கில் ஆராய்ந்து, குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் தேவை என்பதை 1961-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதன்பின் ஹவாய்த் தீவில் டகுஜி புஜிமுரா என்பவர் குஞ்சுகளைப் பெருமளவில் வளர்க்கும் முறையை வகுத்தார். இன்று பல நாடுகளில் நடைபெறும் நன்னீர் இறால் பண்ணைத் தொழிலுக்கு அடிப்படை இதுவே.

தொட்டி அமைத்தல்

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். சிற்றிறால் பத்துக்கு இது தாராளமாகப் போதும். அடியில் கழுவிய ஆற்று மணலோ சிறு கூழாங்கல்லோ இரண்டு அங்குலம் பரப்பலாம். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற நீர்ச்செடிகளும், சில கற்களும், உடைந்த மண்சட்டித் துண்டுகளும் ஒளிந்துகொள்ள இடமளிக்கும். தொட்டியின் வாயை மெல்லிய வலையால் மூடுவது அவசியம். இறால் துள்ளி வெளியே விழாது, கொசுவும் முட்டையிடாது.

தீவுகளில் நீரைச் சூடாக்கும் கருவிக்கு வேலையில்லை. ஆண்டு முழுவதும் நிலவும் வெப்பமே போதுமானது. அச்சம் எதிர்ப்புறத்தில் உள்ளது. 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே தங்கும். ஆகவே வெயில் நேரே படும் சன்னலோரம் தொட்டிக்கு ஏற்ற இடமன்று. காற்றுக் குமிழி விடும் சிறு பம்பும், அதனுடன் இணைந்த பஞ்சு வடிகட்டியும் நன்மை பயக்கும். மின்சாரம் தடைபடும் வேளைகளில் ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும்.

தொட்டியை அமைத்தவுடன் இறாலை விடுதல் ஆகாது. இறாலின் கழிவாகிய அம்மோனியா அதற்கே நஞ்சு. அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை செடிகளை மட்டும் வளர்த்து, நாள்தோறும் துளி உணவு இட்டுக் காத்திருக்க வேண்டும். பலரது தொட்டியில் முதல் வாரத்திலேயே இறால்கள் இறப்பதற்குப் பொறுமையின்மையே காரணம்.

நீரின் தன்மை

குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரின் இறாலையும் கொல்லும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்த பின்னரே அந்நீரைப் பயன்படுத்தலாம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்கள் அமிழ்ந்து கடல்நீர் உட்புகுந்தது. கடலோரத் தாழ்நிலக் கிணற்று நீரில் உப்பு இருக்கக்கூடும், ஆராயாமல் பயன்படுத்தலாகாது.

மழை நீர் தூயது. எனினும் அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை. இறாலின் ஓடு சுண்ணாம்பால் உறுதி பெறுவது. ஆதலால் வேகவைத்துக் காயவைத்த கோழிமுட்டை ஓட்டைப் பொடித்து ஒரு சிறு துணிப்பையில் கட்டித் தொட்டியில் இடலாம். கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளை எடுத்து இடும் ஆசை தீவுவாசிகளுக்கு எழுவது இயல்பு. அது கூடாது. பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றைச் சேகரித்தல் குற்றம். அன்றியும் பவளம் நீரின் காரத்தன்மையை உயர்த்தும். காரம் ஏறிய நீரில் அம்மோனியாவின் நஞ்சும் கடுமையாகும்.

வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். முழு நீரையும் ஒருசேர மாற்றுதல் தவறு. புதிய இறாலைத் தொட்டியில் விடும்போதும், அது வந்த நீருடன் தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் கலந்து பழக்கிய பின்னரே விட வேண்டும்.

இருவகை நஞ்சுகளைத் தனியே குறிப்பிடுதல் தகும். மீன் நோய்க்கு விற்கப்படும் மருந்துகள் சிலவற்றில் செம்பு உண்டு. இறாலின் இரத்தத்திலேயே செம்பு உள்ளதாயினும், நீரில் கரைந்த செம்பு சிற்றளவிலேயே அதைக் கொல்லும். அடுத்தது கொசு மருந்து. கொசுவர்த்தியிலும், மின்சாரத்தில் ஆவியாகும் திரவத்திலும், தெளிப்பான்களிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து பூச்சிகளைத் தாக்குவது போலவே அவற்றின் தூரத்து உறவான இறாலையும் தாக்கும். கொசு மருந்து பயன்படும் அறையில் தொட்டியையும் காற்றுப் பம்பையும் வைத்தலாகாது.

உணவும் தோலுரித்தலும்

இறால் பாசி, அழுகிய இலை, இறந்த சிற்றுயிர் யாவற்றையும் உண்ணும். வேகவைத்த கீரையோ மீன் உணவுத் துகளோ சிறிதளவு போதும். இரண்டு மணி நேரத்தில் உண்ணாது எஞ்சியதை அகற்றிவிட வேண்டும். பட்டினியால் இறக்கும் இறாலைவிட, மிகுந்த உணவு அழுகி நீர் கெட்டு இறக்கும் இறால்களே அதிகம்.

ஓடு வளராது, உடல் வளரும். எனவே இறால் காலத்துக்குக் காலம் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓட்டைப் பெறும். தொட்டியின் அடியில் காலும் மீசையும் அலகும் சிதையாத ஒரு வெற்றுடல் கிடப்பதைக் கண்டு, இறால் இறந்துவிட்டது என்று புதியவர்கள் வருந்துவதுண்டு. அது கழற்றிய சட்டையே. அதை அகற்ற வேண்டியதில்லை. இறாலே அதைத் தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும். தோலுரித்த இறால் ஓரிரு நாள் மெத்தென்றிருக்கும். அப்போது மற்ற இறால்கள் அதைக் கடித்துத் தின்னக்கூடும். செடிகளும் ஒளிவிடங்களும் தேவைப்படுவது இதற்காகவே.

இன்னோர் எச்சரிக்கை: பெரிய மாக்ரோபிராக்கியம் இனங்களின் இளமைப் பருவமும் கண்ணாடி போலவே இருக்கும். மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியின் ஆண் 30 சென்டிமீட்டர் வரை வளர வல்லது. இரண்டாம் இணைக் கால்கள் உடலினும் நீளத் தொடங்கி, நிறமும் ஏறுமாயின், அது சிற்றினம் அன்று. அதனைத் தனித் தொட்டிக்கு மாற்றாவிடில் ஏனைய இறால்களும் சிறு மீன்களும் அதற்கு இரையாகிவிடும்.

குஞ்சு வளர்க்க முயல்வோர்க்கு

தொட்டியில் சினை இறால் தென்பட்டால் முட்டையின் அளவை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்க வேண்டும். பெரிய முட்டையாயின் தாயைச் செடிகள் நிறைந்த தனித் தொட்டியில் விட்டால் போதும். நுண்முட்டையாயின் பொரித்த குஞ்சுகளுக்கு உப்பு நீர் வேண்டும். மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கிக்கு ஆயிரத்தில் 12 பங்கு உப்பு ஏற்றது. அதாவது ஒரு பங்கு தூய கடல்நீருக்கு ஏறத்தாழ இரு பங்கு நன்னீர். தலை கீழாகவும் வால் மேலாகவும் நீந்தும் அக்குஞ்சுகளுக்கு, அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால் உணவு. பதினொரு குஞ்சுப் பருவங்களைக் கடந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அவை இளம் இறாலாகும். அதன்பின் படிப்படியாக நன்னீருக்குப் பழக்கலாம். மாக்ரோபிராக்கியம் லாரின் குஞ்சுகளுக்கோ இதனினும் உப்பு மிகுந்த நீரும் நீண்ட காலமும் வேண்டும். வீட்டில் அது எளிதன்று. ஆகவே ஓடையில் பிடிக்கும்போதே சினை இறால் கையில் வந்தால் அதை அவ்விடத்திலேயே விட்டுவிடுதல் முறை.

ஓடையைக் காத்தல்

கடலுக்கும் ஓடைக்கும் இடையே வழி திறந்திருக்கும் வரையில்தான் இவ்வினங்கள் வாழும். கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில், நீர் வழிந்தோடாத உயர்ந்த அணைகளுக்கு மேலுள்ள ஓடைகளில் இத்தகைய இறால்கள் அற்றுப் போயின என்பதை ஆய்வாளர் கண்டனர். நீர் வழியும் தாழ்ந்த தடுப்புகளிலோ இளம் இறால்கள் ஈரச் சுவரைப் பற்றி ஏறிச் சென்றன. அந்தமானிலும் குடிநீரும் மின்சாரமும் வேண்டப்படுவனவே. ஸ்ரீ விஜயபுரம் நகருக்கு (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) தனிக்காரி அணையும், வட அந்தமானுக்குக் கல்பாங் நீர்மின் நிலையமும் பயன் தருகின்றன. ஆயினும் சிற்றோடைகளில் தடுப்பு கட்டுவோர் ஆண்டு முழுவதும் சிறிதேனும் நீர் வழிந்தோட வழிவிட்டால் இறாலுக்கு அதுவே படிக்கட்டாகும்.

தொட்டி வைத்திருப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. வெளியிலிருந்து வந்த உயிர்கள் தீவுகளில் விளைத்த தீங்கு சிறிதன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் புகுந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்றும் பயிர்களை அழிக்கிறது. 2000-க்குப் பின் அந்தமானில் பரவிய இந்தியப் பெருந்தவளை, மீன் குஞ்சுகளுடன் கலந்து தீவு தீவாகச் சென்றதாக ஆய்வாளர் கருதுகின்றனர். அதன் தலைப்பிரட்டைகள் தீவுக்கே உரிய தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. 1994 முதல் இந்திய இறால் பண்ணைகளில் பெருநாசம் விளைத்த வெண்புள்ளி நோயின் வைரஸ் நன்னீர் இறாலையும் தொற்ற வல்லது.

ஆதலால் பெருநிலத்திலிருந்து வாங்கி வந்த இறாலையோ, செடியையோ, தொட்டி நீரையோ ஓடையிலும் சாக்கடையிலும் விடலாகாது. கழிக்கும் நீரை ஓடைக்குத் தொலைவில், வெயில் படும் தோட்ட மண்ணில் ஊற்ற வேண்டும். வளர்க்க இயலாத இறாலை வேறொரு வளர்ப்பவரிடம் ஒப்படைக்கலாம். தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றி எதையும் பிடித்தல் சட்ட விரோதம். பிற இடங்களிலும் தேவைக்கு மேல் பிடித்தலாகாது. எந்த ஓடையில், எந்த நாளில், எத்தனை பிடித்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. தோலுரித்த நாள், முட்டை தோன்றிய நாள், அதன் அளவு, பொரித்த நாள் ஆகியவற்றையும் அதில் சேர்த்து வந்தால், ஓராண்டில் அக்குறிப்பேடு அவ்வோடையைப் பற்றிய நம்பத்தக்கதொரு பதிவாக நிற்கும்.